பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை

1

‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ‘விழிப்புணர்வு’ என்றால் டெங்கு ஊர்வலம் ஞாபகம் வருகிறது. ‘நினைவாற்றல்’ என்றால் பரீட்சைக்கு முன்னால் விற்கும் வல்லாரை மாத்திரை. ‘தியானம்’ என்றால் ரிட்டையர் ஆனவர்கள் காலையில் செய்கிற காரியம். ‘முழுக்கவனம்’ பரவாயில்லை, ஆனால் அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. மூலத்துக்குப் போனால் பாலியில் ‘ஸதி’, சமஸ்கிருதத்தில் ‘ஸ்மிருதி’. நேர்ப்பொருள் நினைவு. 1979இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்கான பயிற்சியாக இதை வடிவமைத்தார். மடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குப் போனது, இப்போது யூகேஜி வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு தனியார் பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தபோது இதை நேரில் பார்த்தேன். முதல் பீரியடுக்கு முன்னால் பத்து நிமிஷம். ஸ்பீக்கரில் புல்லாங்குழல். ஐந்து, ஆறு வயசுப் பிள்ளைகள் சம்மணம் போட்டுக் கண்ணை மூடியிருந்தார்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கச் சொல்லி ஒரு குரல் வந்தது. நடுவில் மிஸ், “யாருப்பா அது கண்ணத் தொறந்தது?” என்றார். யாரென்று பார்க்க எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சத்தம் வராமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. கணக்கு நோட்டை எடுத்தார்கள். அவன் ஏன் அழுதான் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. டைம்டேபிள் பத்து நிமிஷம் என்கிறது, அவர் பத்து நிமிஷம் நடத்தினார். பிள்ளைகளுக்கு அமைதியைக் கற்றுத் தருகிறோம் என்கிறார்களே, அது எந்த அமைதி என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேலான ஒரு பிரதி நம் கையில் இருக்கிறது. அதை எழுதியவரின் பெயர் செட்டிநாட்டுச் சின்ன ஊர்களின் நர்சரி பள்ளிப் பலகைகளில்கூட இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களை நாம் சரியாகப் படித்தோமா என்று எனக்குச் சந்தேகம்.

2

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6ஆம் தேதி, ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். அடிப்படையில் அவர் டாக்டர். அங்கே நடந்த ஒரு சம்பவத்தைத் தன் முதல் நூலிலும், பின்னால் ‘குழந்தைப் பருவத்தின் ரகசியம்’ நூலிலும் எழுதுகிறார். ஒருநாள் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வருகிறார். குழந்தை அசையாமல் கிடக்கிறது. இதைப் போல உங்களால் சத்தமில்லாமல் இருக்க முடியுமா என்று பிள்ளைகளைக் கேட்கிறார், பாதி விளையாட்டாக. பிள்ளைகள் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். காலை அசைக்காமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அதுவரை யார் காதிலும் விழாத கடிகாரச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது.

பிறகு இது ‘மௌன விளையாட்டு’ ஆகிறது. பிள்ளைகளின் காது எவ்வளவு கூர்மை என்று பார்க்கும் டாக்டர் புத்தியில், அவர் தள்ளிப்போய் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கிசுகிசுவென்று கூப்பிடுகிறார். பெயர் கேட்ட பிள்ளை எழுந்து, நாற்காலியில் இடிக்காமல், நுனிக்காலில் நடந்து அவரிடம் வர வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். கடைசிப் பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பொறுமைக்குப் பரிசாக மிட்டாய் தருவதாகச் சொல்கிறார். பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள். மிட்டாய் வந்தால் விளையாட்டு கெட்டுப்போகும் என்பதுபோல.

சின்னப் பிள்ளைகளுக்கான ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று இன்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. கோட்டின்மேல் நடக்கும் பயிற்சியும் அவருடையதே. கையில் மணியைப் பிடித்துக்கொண்டு அது ஒலிக்காமல் நடக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த டம்ளரைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். மாசி-பங்குனித் திருவிழாவில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. தலையில் சின்னச் செம்பு, காலடியில் சூடான ரோடு. எந்தப் பிள்ளையிடமும் யாரும் கவனி என்று சொல்வதில்லை. செம்பே சொல்லிவிடுகிறது.

மாண்டிசோரிக்கும் நம் ஊருக்கும் உறவு பலகையோடு முடிந்துவிடவில்லை. 1939இல் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில் அவர் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். முதல் பயிற்சியிலேயே ஏறக்குறைய 300 ஆசிரியர்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரை எதிரி நாட்டவராகக் கருதியது. மகன் மரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. பிறகு சில வருஷங்கள் கொடைக்கானல். 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். அவருடைய ‘உறிஞ்சும் மனம்’ நூல் 1949இல் முதலில் அச்சானதும் அடையாறில்தான். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் எழுப்பிய கல்வி நிறுவனங்களின் வரிசையில் மாண்டிசோரி பெயரிலேயே ஒரு பள்ளி உண்டு. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர், மூன்று வயசுப் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இது சாதாரணமில்லை.

3

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். அந்த நான்கு மாதக் குழந்தை ஏன் அசையவில்லை?

மாண்டிசோரியே எழுதுகிறார். அந்நாளைய இத்தாலிய வழக்கப்படி அது உடம்பு முழுக்கத் துணியால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. அசைய முடியாததால் அசையவில்லை. அமைதிக்கு முன்மாதிரியாகப் பிள்ளைகள் முன்னால் வைக்கப்பட்டது கட்டிப்போட்ட ஓர் உடம்பு. குழந்தையின் சுதந்திரமான அசைவுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர், அந்தச் சமயத்தில் இந்த முரணுக்குள் நிற்கவில்லை, கடந்துபோய்விடுகிறார்.

நம் பள்ளிகள் அந்தத் துணியை நன்றாகவே கற்றுக்கொண்டன. “கையக் கட்டு, வாயப் பொத்து.” இங்கிலீஷ் மீடியத்தில், “ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்.” தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது உடம்பிலேயே இருக்கும். இப்போதும் ஓர் அதிகாரியின் முன் நிற்கும்போது நம் கைகள் தானாகக் குறுக்கே வருகின்றனவே, அது ஒன்றாம் வகுப்பில் போட்ட கட்டு. இந்தப் பழக்கம் உள்ள இடத்தில் புல்லாங்குழலையும் மூச்சையும் கொண்டுவந்து வைத்தால், பழைய உத்தரவுக்குப் புதுச் சட்டை போட்டதாகவே முடியும். முன்பு வாயை மூடச் சொன்னோம், இப்போது கண்ணையும் சேர்த்து மூடச் சொல்கிறோம். முன்பு சத்தம் போட்டால் தப்பு. இப்போது மனசுக்குள் சஞ்சலம் இருந்தாலே பயிற்சி போதவில்லை என்று அர்த்தம்.

ஆனால் மாண்டிசோரியின் பிரதிக்கு இரண்டாம் பாதி இருக்கிறது. அதுதான் அவரைக் காப்பாற்றுகிறது. பிள்ளைகள் சும்மா மௌனமாக இருக்கவில்லை, ஒன்றைக் கேட்பதற்காக மௌனமாக இருந்தார்கள். கேட்கப்போவது அவரவர் பெயர். நாற்பது பேரில் ஒருவராகக் கரைந்துபோன பிள்ளை, ஓர் அன்பான பெரியவர் தன் பெயரை மட்டும் தனியாக, மெல்லக் கூப்பிடுவதைக் கேட்டு எழுந்து போகிறது. மிட்டாய் எதற்கு வேண்டும்? சான் லொரென்சோ போன்ற இடத்தில் அந்தப் பிள்ளைகளை யாராவது அப்படிக் கூப்பிட்டிருப்பார்களா?

காது சோதனைக்காக ஆரம்பித்தது என்பதை அவரே ஒளிக்காமல் சொல்கிறார். சோதித்தது யாருடைய காதை என்று இன்று படிக்கும்போது தோன்றுகிறது. நாற்பது பெயர்களையும் ஒன்று விடாமல் கூப்பிட வேண்டுமென்றால் நாற்பது பிள்ளைகளும் அவர் நினைவில் இருக்க வேண்டும். ‘ஸதி’ என்றால் நினைவு என்று மேலே சொன்னேன். அந்த வகுப்பில் அந்த வேலையைச் செய்தவர் ஆசிரியர்.

4

கூப்பிட மறந்துபோன ஒரு பிள்ளையின் கதையும் நம்மிடம் இருக்கிறது, அதே அடையாறில்.

1909இல் பிரம்மஞான சபை வளாகத்துக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் குடியிருந்த தாயில்லாப் பிள்ளை ஜே. கிருஷ்ணமூர்த்தி. மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவான். பாடம் ஏறாது. எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். மந்தபுத்தி என்று கிட்டத்தட்ட தினமும் பிரம்படி. அழுதுகொண்டு வராந்தாவில் நிற்பான், ஆசிரியர் அவனை மறந்தே போவார், தம்பி நித்யாதான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது.

அந்தப் பையன்தான் பின்னாளில் ரிஷிவேலிப் பள்ளிக் குழந்தைகளிடம் கவனத்தைப் பற்றிப் பேசினார். மனதை ஒருமுகப்படுத்துவது வேறு, கவனம் வேறு என்றார். முன்னது ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது, பின்னது எதையும் தள்ளுவதில்லை. எந்த முறையையும் பயிற்சியாகச் செய்யச் செய்ய மனம் மழுங்கும் என்பது அவர் கட்சி. இது மிகையாகவே எனக்குப் படுகிறது. ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பழக்கம் தேவை, தினமும் ஒரே நேரத்தில் வரும் கதை தேவை. ஆனால் வராந்தாவில் மறக்கப்பட்ட ஒருவருக்கு, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கும் எந்த முறையின்மேலும் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்தை நாம் கொஞ்சமாவது கடன் வாங்கலாம்.

5

“சும்மா சொல்லாதீங்க, பலன் இருக்குன்னு ஆராய்ச்சியே இருக்கு” என்பார்கள். இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

2015இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் 68 மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. 12 வாரம் ‘கருணைப் பாடம்’. பாடம் எடுத்த குழந்தைகளின் பழகும் தன்மை கூடியதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். பாடம் எடுக்காத குழந்தைகள் ஸ்டிக்கர்களைப் பங்குபோடுவதில் போகப்போகச் சுயநலமானார்கள். அந்தப் பாடத்தில் மூச்சும் இருந்தது, ஆனால் கூடவே கதை, பாட்டு, அசைவு, பிறருக்கு உதவும் விளையாட்டு எல்லாம் இருந்தன. எது வேலை செய்தது என்று தனியாகப் பிரிப்பது கஷ்டம். 68 குழந்தைகள் என்பதும் சின்ன எண்ணிக்கை.

பெரிய எண்ணிக்கை 2022இல் பிரிட்டனிலிருந்து வந்தது. ‘மிரியட்’ என்று பெயர். 85 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், வயது 11 முதல் 14. வழக்கமான மனநலப் பாடத்தைவிட மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் மாணவர்களுக்கு அதிக நன்மை செய்ததாகத் தெரியவில்லை. வீட்டில் செய்து பார்க்கச் சொன்ன பயிற்சிகளைப் பெரும்பாலான மாணவர்கள் செய்யவே இல்லை. ஆனால் ஆசிரியர்களின் பணிச்சோர்வு ஆரம்பத்தில் ஓரளவு குறைந்தது. பிள்ளைகளுக்காக வாங்கிய மருந்து ஆசிரியருக்குக் கொஞ்சம் கேட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவர்கள் பெரிய பிள்ளைகள், ஐந்து வயசுக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்: பிள்ளையைத் தன் உள்ளே பார்க்கச் சொல்வதைவிட, பிள்ளைக்கும் இன்னொருவருக்கும் நடுவில் நடப்பதைச் சரிசெய்வதே முக்கியம். டெல்லி அரசு 2018 ஜூலையில் தலாய் லாமாவை வைத்துத் தொடங்கிய ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை தினம் ஒரு பீரியட் ஒதுக்கியது. அதிலும் கண்மூடுதல் ஒரு பகுதிதான். மீதி கதை, செயல்பாடு, பேச்சு. 2022இல் நம் மாநிலத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் மனநலம் என்ற பேச்சே எடுக்கவில்லை. ஆனால் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்ட பிள்ளை, தன் வாயால் சொல்லக் கூச்சப்படுவதைப் பொம்மையின் வாயால் சொல்லும். கண்ணை மூடச் சொன்னால் அது நடக்காது.

6

உணர்ச்சி வளர்ச்சிக்கு முதலில் வேண்டியது சொல். பல பள்ளிகளில் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது, நாலு மஞ்சள் முகங்கள்: சந்தோஷம், சோகம், கோபம், பயம். காலையில் பிள்ளை வந்து ஒரு முகத்தைத் தொட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் நாலு முகத்தோடு நின்றுவிட்டால் நம் அப்பத்தாக்கள் சிரிப்பார்கள். “புள்ள ஏங்கிப்போச்சு.” “மொகம் சுண்டிப்போச்சு.” “வீம்பு புடிக்கிறான்.” “சவலப்புள்ள, அப்படித்தான் இருக்கும்.” தம்பியோ தங்கையோ சீக்கிரம் வந்துவிட்டதால் தாய்ப்பாலும் மடியும் பறிபோன பிள்ளைக்குத் தமிழில் தனியாக ஒரு சொல் இருக்கிறது, சவலை. அது சோகமும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு பிள்ளையின் நிலையும் அதற்குக் காரணமான குடும்பச் சூழலும் ஒரே சொல்லில். ‘ஏங்குதல்’ என்ற சொல்லிலும் இன்னொரு ஆள் இருக்கிறார். யாராவது வராமல் ஏங்க முடியாது. செட்டிநாட்டில் இந்தச் சொல்லுக்குச் சரித்திரமே உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன அப்பாக்கள் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் வருவார்கள். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடக்கும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் ஏக்கத்தை எந்த மஞ்சள் முகம் காட்டும்? இன்று பர்மா இல்லை, சிங்கப்பூரும் துபாயும் இருக்கின்றன. ஏக்கம் அப்படியே இருக்கிறது.

தாலாட்டைக் கவனியுங்கள். அழும் பிள்ளையிடம் அது அழாதே என்று மட்டும் சொல்வதில்லை. யார் அடித்தார்கள் என்று விசாரிக்கிறது. அத்தையா, மாமனா, பாட்டியா என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறது. அடித்தவரைத் தண்டிக்கலாம் என்கிறது. மாமன் கொண்டுவரும் சீர்களை அடுக்குகிறது. மேகம் மாதிரி உணர்ச்சி வரும் போகும், நீ சும்மா பார் என்பது இன்றைய பாடம். தாலாட்டு அழுகைக்கு ஒரு காரணம் தேடுகிறது, அந்தக் காரணத்தோடு சண்டைக்குப் போகவும் தயாராக இருக்கிறது. டிபன் பாக்ஸ் திருட்டுப்போன பிள்ளைக்கு எது வேண்டும், மேகமா, தாலாட்டா? மேகம் பிற்பாடு உதவலாம். முதலில் டிபன் பாக்ஸைத் தேட வேண்டும்.

செட்டிநாட்டு ஊரான ராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பாவை இந்த இடத்தில் நினைக்காமல் முடியாது. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். ‘கோகுலம்’ ஆசிரியராக இருந்தார். அவர் பாட்டில் பிள்ளை கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறது, கை தட்டுகிறது, ஆடுகிறது. அந்த வகையில் தமிழின் மிகப் பெரிய கவனப் பயிற்சி அவருடையது. ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும், அது அவருக்கு மட்டுமான குறை இல்லை. நம் குழந்தைப் பாடல் மரபில் மகிழ்ச்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் கிடைத்த இடம் பயத்துக்கும் பொறாமைக்கும் கிடைக்கவில்லை. சவலைப் பிள்ளை தன் வாயால் பாடும் ஒரு பாட்டு நம்மிடம் இருக்க வேண்டும். எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் எழுதிப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் பயிற்சியைவிட அது அதிக தூரம் போகும்.

7

அப்படியென்றால் மூச்சுப் பயிற்சியே வேண்டாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழுது விம்மும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவி, “மெதுவா மூச்சு விடுடா தங்கம்” என்று சொல்லாத ஆயா எந்த வளவில் இருந்தார்? நிதானமான மூச்சு உடம்பை அடக்கும், அது உண்மை. அந்த மூச்சுக்கு முன்னால் ஒரு மடி இருந்தது, பின்னால் “என்னடா ஆச்சு?” என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டையும் வெட்டிவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் டைம்டேபிளில் வைப்பதைத்தான் விமர்சிக்கிறேன். மடியும் கேள்வியும் இல்லாத பிள்ளை ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும், தன் கஷ்டத்தைத் தானே சத்தமில்லாமல் சமாளிக்க வேண்டும் என்று. ஐந்து வயசில் அது வளர்ச்சி இல்லை, கைவிடப்படுதல்.

நம் பள்ளிகளில் ஏற்கெனவே ஒரு சடங்கு இருக்கிறது, காலை வருகைப் பதிவு. ஆசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். தமிழ் மீடியத்தில் பிள்ளை எழுந்து “உள்ளேன் ஐயா” என்னும், அல்லது “உள்ளேன் அம்மா.” அந்தச் சொல்லை ஒரு தடவை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். உள்ளேன். இருக்கிறேன், இங்கே, இப்போது. மைண்ட்ஃபுல்னெஸ்ஸுக்குத் தமிழ்ச் சொல் தேடி அலைந்தோமே, அது வருகைப் பதிவேட்டின் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கூப்பிட ஒருவர் இல்லாமல் சொல்ல முடியாத சொல் என்பதுதான் அதன் அழகு.

ஆனால் அதை நாம் இரைச்சலாக்கிவிட்டோம். பெயர் முடியும் முன்னே “உள்ளேன்யா”, தலை நிமிராமலே ஒரு டிக். இப்போது வருகையை ஆப்பில் ஏற்ற வேண்டியிருப்பதால், தலையை எண்ணி, வராதவர்களை மட்டும் கேட்டு, நெட்வொர்க் கிடைக்கிற ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார்கள் பல ஆசிரியர்கள். அவர்கள்மேல் தப்பில்லை, வேலை அப்படி அமைந்துவிட்டது.

பத்து நிமிஷம் ஒதுக்கத் தயாராக இருக்கும் பள்ளிகளிடம் என் யோசனை சின்னது. ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் கண்ணைத் திறந்து வைத்திருக்கட்டும், காலை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். முப்பது பெயரையும் மெதுவாக, முகத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள். “உள்ளேன்” என்கிற குரல் நேற்றைவிடத் தாழ்ந்திருந்தால், அடுத்த பெயருக்குப் போவதற்குள் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இன்டர்வலில் அந்தப் புள்ளிக்காரனைக் கூப்பிட்டு, என்னடா ஆச்சு என்று கேளுங்கள்.